வரையப்பட்ட கலங்களும் வரையப்படாத கலங்களும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குச் சான்றுகளுக்குப் பஞ்சம் இல்லை. கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள், தொழிலாளர் இலாகாவின் ஏடுகள், தொழிற்சங்கத் தீர்மானங்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், மாரியம்மன் திருவிழா அழைப்பிதழ்கள் எனத் தேடுவோர் கைக்குப் பல கிடைக்கும். எத்தனை ஏக்கரில் பால் மரம் நின்றது, எத்தனை பேர் பெயர்ப் பட்டியலில் இருந்தனர், நாட்கூலி எத்தனை காசு என்பவற்றை அவற்றிலிருந்து அறிந்து கொள்ளலாம். ஆனால் லின்சத்திலோ சுவா பெத்தோங்கிலோ ஜெராம் பாடாங்கிலோ ஒரு லயத்து வீட்டின் அடுப்பங்கரையில் எவ்வடிவக் கலத்தில் சோறு வெந்தது, அக்கலத்தின் வாயகலம் என்ன, அதன் அடி உருண்டதா தட்டையானதா என்று ஒரு மாணவன் கேட்டால் விடை கூற இவ்வேடுகளால் இயலாது. முதியோரைக் கேட்டால் கையை விரித்து, "இவ்வளவு பெரிது" என்று காட்டுவர். அக்கைகளும் ஒவ்வொன்றாய் மறைந்து வருகின்றன.

இத்தகைய கேள்வியைத் தன் நாட்டைப் பற்றித் தானே கேட்டு, அதற்கு வண்ண ஓவியங்களால் விடை தேடிய ஒரு பெருமுயற்சி உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் ஏறத்தாழ 18,000 நீர்வண்ண ஓவியங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. 'இன்டெக்ஸ் ஆப் அமெரிக்கன் டிசைன்' என்பது அத்தொகுதியின் பெயர். அமெரிக்க வடிவமைப்புத் தொகுப்பேடு என்று நாம் தமிழில் வழங்கலாம். வீரர்களும் தலைவர்களும் இயற்கைக் காட்சிகளும் அதில் இடம்பெறவில்லை. நாற்காலி, போர்வை, பொம்மை, பூட்டு, மத்து, சாடி, தட்டு என்று எளிய குடும்பங்கள் புழங்கிய பொருள்களே அதில் நிறைந்துள்ளன. மட்பாண்டங்கள் மட்டுமே பல நூறு.

இம்முயற்சி பிறந்த சூழலை நோக்கின், அது நம் தோட்டங்களுக்குத் தொலைவான செய்தி அன்று என்பது விளங்கும். 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்ததும் அமெரிக்காவில் மோட்டார் வண்டி வாங்குவோர் குறைந்தனர். டயருக்கு வேண்டிய இரப்பரும் தேங்கியது. உலகிலேயே மிகுதியாக இரப்பர் வாங்கிய நாடு அது. 1932-இல் இலண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இரப்பரின் விலை மூன்று பென்சுக்கும் கீழே போயிற்று. நம் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு என்று வரையறுக்கப்பட்டிருந்த நாட்கூலி வெட்டப்பட்டது. வேலை நீக்கப்பட்ட தமிழர் பல்லாயிரவர் 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். துணி மூட்டையைத் தூக்கிச் செல்லலாம். மண்பானையைத் தூக்கிக் கொண்டு கப்பலேறியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அதே வீழ்ச்சியில் அமெரிக்காவில் 1933 அளவில் உழைக்கத் தக்கோருள் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தனர். ஓவியர்களும் அவர்களுள் அடங்குவர். அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1935-இல் பணி முன்னேற்ற ஆணையம் ஒன்றை நிறுவி, சாலையும் பாலமும் போடுவோருக்குக் கூலி கொடுத்தது போலவே ஓவியருக்கும் வாரச் சம்பளம் கொடுத்தது. இதற்கென அமைந்த பிரிவு கூட்டரசுக் கலைத் திட்டம் எனப்பட்டது. அதன் இயக்குநர் ஹோல்கர் கேஹில். சுவரோவியம் தீட்டவோ சிலை செய்யவோ எல்லா ஓவியரும் வல்லவர் அல்லர்; விளம்பரப் படம் வரைந்து பிழைத்தவர்களும் இருந்தனர். அவர்களுக்கும் தக்க வேலை வேண்டியிருந்தது.

அவ்வேலையை எண்ணிக் கண்டவர் இரு பெண்மணிகள். ஒருவர் நியூயார்க் பொது நூலகத்தின் படத் தொகுப்புக்குத் தலைவராக இருந்த ரொமானா ஜாவிட்ஸ். மற்றவர் துணி வடிவமைப்பாளர் ரூத் ரீவ்ஸ். நூலகத்துக்கு வந்த வடிவமைப்பாளர்கள் அமெரிக்கப் பழம் பொருள்களின் படங்களைக் கேட்டபோதெல்லாம் கொடுப்பதற்குப் போதிய படங்கள் இல்லை. ஐரோப்பிய நாடுகள் தத்தம் நாட்டுப்புறக் கலைகளுக்கு வண்ணத் தொகுதிகள் வெளியிட்டிருந்தன. அமெரிக்காவுக்கு அப்படி ஒன்று இல்லை. இக்குறையை இருவரும் 1935-இல் எடுத்துரைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் அரசு திட்டத்தை ஏற்றுக் கொண்டது. ரீவ்ஸ் அதன் முதல் தேசிய ஒருங்கிணைப்பாளரானார். பின்னர்ப் பண்பாட்டு வரலாற்றாசிரியர் கான்ஸ்டன்ஸ் ரூர்க் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார். 1942 வரை முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வேலை நடந்தது.

ஓவியர்க்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு கடுமையானது. கற்பனைக்கு இடமில்லை. பொருளை நேரில் வைத்துக் கொண்டு வரைய வேண்டும். பெரும்பாலான தாள்களில் பின்புலம் ஏதுமின்றி, வெண்டாளின் நடுவே பொருள் தனியே நிற்கும். மெல்லிய வண்ணப் பூச்சை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒளி விழும் இடத்தில் தாளின் வெண்மையையே விட்டுவைக்க வேண்டும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சூசன் சாப்மன் என்பார், எகிப்தியப் புதைபொருள்களைப் பதிவு செய்யக் கையாண்ட முறையை மாசசூசெட்ஸ் ஓவியர்க்குக் கற்பித்தார். அரசர் கல்லறையில் கிடைத்த பொருளுக்குக் காட்டிய கவனத்தை ஊறுகாய்ச் சாடிக்கும் காட்டுக என்பது அதன் பொருள். ஒரு தாளை முடிக்க இரண்டு மூன்று வாரங்கள் கூட ஆயின. ஒவ்வொரு தாளோடும் ஒரு விவரச் சீட்டு இணைக்கப்பட்டது. பொருளின் பெயர், செய்தவர், செய்த ஊர், காலம், அளவுகள், அப்போதைய உடைமையாளர் ஆகியவை அதில் எழுதப்பட்டன.

ஒளிப்படம் எடுத்திருக்கலாமே என்று கேட்பார் உண்டு. வண்ண ஒளிப்படச் சுருளுள் பெயர்பெற்ற கோடாக்குரோம் சந்தைக்கு வந்ததே 1935-இல்தான். விலையும் அதிகம்; அன்றைய வண்ணப் படிகள் வெளுத்துப் போகும் இயல்பின. வேலையற்றவர்க்கு வேலை கொடுப்பதே நோக்கமாதலின், பொறியைவிடக் கை மெதுவாக இயங்குவது அங்கே குறையாகக் கருதப்படவில்லை என்றும் சொல்லலாம். இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. பளபளக்கும் மெருகின்மேல் விழும் ஒளியைக் கருவி அப்படியே பிடித்துக் கொள்ளும். அந்தப் பளபளப்பின் கீழே உள்ள கோட்டை அது மறைத்துவிடும். ஓவியரோ கலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது மண், எது மெருகு, எது பின்னால் ஏற்பட்ட கறை என்று பிரித்தறிந்து வரைகிறார்.

அந்தக் கலங்களைச் சற்று விரிவாகக் காண்போம். பென்சில்வேனியாவில் குடியேறிய செருமானியக் குடியானவர் சிவப்பு மண்ணால் தட்டுகள் செய்தனர். காய்ந்த தட்டின்மேல் வெண்களிக் குழம்பைப் பூசி, கூர்முனையால் கீறினால் கீறிய இடத்தில் சிவப்பு தோன்றும். துலிப் மலர், பறவை, குதிரைவீரன் ஆகியவற்றைக் கீறி, விளிம்பைச் சுற்றித் தம் மொழியில் வாசகமும் எழுதினர். புலம்பெயர்ந்து வந்த மக்கள், ஆங்கிலம் சூழ்ந்த நாட்டில், தம் மொழியைத் தட்டின் விளிம்பில் எழுதி வைத்தனர் என்பது தமிழாசிரியர் நின்று கவனிக்க வேண்டிய செய்தி.

இச்சிவப்புக் கலங்களில் ஒரு தீமை இருந்தது. குறைந்த சூட்டில் சுட்டமையால் நீர் கசியும். அதைத் தடுக்க ஈய மெருகு பூசினர். புளித்த காடியோ ஊறுகாயோ வைத்தால் ஈயம் கரைந்து நஞ்சாகும். இதனை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்குள்ளோர் உணரத் தொடங்கினர். ஆகவே கல்லைப் போல் இறுகும் வன்மட்கலம் பரவிற்று. சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது, மேலுள்ள துளைகள் வழியாக உப்பை அள்ளி எறிவர். உப்பு ஆவியாகி மண்ணிலுள்ள மணற்சத்தோடு கூடி, ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற புள்ளிகளுடைய கண்ணாடி மெருகாகக் கலத்தின்மேல் படியும். இதில் ஈயம் இல்லை. சுடுமுன் கோபால்ட்டு நீலத்தால் பறவையோ பூவோ வரைவர். எத்தனை காலன் கொள்ளும் என்ற எண்ணையும், செய்தவர் பெயரையும் ஊரையும் கலத்தில் முத்திரையாகக் குத்துவர்.

இக்கலத்துக்குரிய களிமண் எல்லா இடத்திலும் கிடைப்பதன்று. நியூஜெர்சிக் கரையிலிருந்து அது படகில் சென்றது. 1825-இல் ஈரி கால்வாய் திறந்தபின், கால்வாய்க் கரை நகரங்களில் சூளைகள் எழுந்தன. வெர்மாண்டு மாநிலத்துப் பென்னிங்டனில் நார்ட்டன் குடும்பத்தார் 1793 முதல் 1894 வரை, ஒரு நூற்றாண்டு, இத்தொழிலை நடத்தினர். பிறகு கண்ணாடிச் சாடியும் குளிர்பெட்டியும் வந்தன, சூளைகள் அணைந்தன. தொகுப்பேட்டின் ஓவியர்கள் வந்து சேர்ந்தபோது அத்தொழில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. சாடிகள் மட்டும் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்போர் வீடுகளிலும் எஞ்சியிருந்தன. யோலாண்டே டெலாசர் என்னும் ஓவியர் வரைந்த வன்மட்கலத் தாள்களைக் காண்போர், சாம்பல் நிறம் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது எத்தனை நிறங்களின் கூட்டம் என்று வியப்பர்.

இத்துணை பாராட்டியபின் அதன் குறையையும் கூறவேண்டும். அமெரிக்காவின் பூர்வகுடியினர் செய்த மட்பாண்டங்களைத் தொகுப்பேடு வேண்டுமென்றே விலக்கியது. அவற்றை இனவரைவியலார் கவனித்துக் கொள்கின்றனர் என்று காரணம் கூறப்பட்டது. ஆக, அந்நாட்டின் மிகப் பழைய குயத்தொழில் 'அமெரிக்க வடிவமைப்பு' என்னும் தலைப்பின்கீழ் வரவில்லை. கறுப்பின மக்களின் கைவேலைக்கும் உரிய இடம் கிடைக்கவில்லை. தென் கரோலினாவின் எட்ஜ்பீல்டு பகுதியில் டேவ் என்னும் அடிமைக் குயவர் இருந்தார். அடிமைக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என்று அம்மாநிலம் 1834-இல் சட்டம் செய்திருந்தது. அவரோ தாம் செய்த தாழிகளின் தோளில் தம் பெயரையும் நாளையும் சிறு செய்யுள்களையும் எழுதினார். 1859-இல் அவரும் மற்றோர் அடிமையும் சேர்ந்து செய்த தாழி ஏறத்தாழ 40 காலன் கொள்வது. சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் அது உள்ளது. இத்தகையோரின் கலங்களை நடுவாக வைத்து நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கண்காட்சி நடத்தியது 2022-இல்தான். யார் செய்த பானை வரையத் தக்கது என்று முடிவு செய்பவர் யார் என்ற கேள்வி, நல்ல திட்டங்களையும் விட்டபாடில்லை.

தமிழகத்தில் இக்கேள்வி வேறு உருவம் கொண்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் தஞ்சாவூர் ஓவியர் தாளிலும், திருச்சிராப்பள்ளி ஓவியர் அபிரகத் தகட்டிலும், வெள்ளைக்கார அதிகாரிகள் வாங்கிச் செல்வதற்காகச் சாதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் படங்கள் தீட்டினர். கணவனும் மனைவியும் நிற்பர். கையில் அல்லது காலடியில் தொழிற்கருவி இருக்கும். 1837-இல் மதுரையில் உருவான 72 படங்கள் கொண்ட ஏடு ஒன்றை, யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் பணியாற்றி மதுரைக்கு வந்திருந்த அமெரிக்கப் பாதிரியார் டேனியல் பூவர், தம் நாட்டுப் பாதிரியார் ஒருவர்க்கு அளித்தார். அது இன்று யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. இவ்வகை ஏடுகளின் நோக்கம் ஆளை வகைப்படுத்துவது. குயவர் படத்தில் குயவரின் உடையும் நெற்றிக்குறியும் தெளிவாக இருக்கும். பானை அடையாளத்துக்கு வைத்த ஓர் உருண்டை. அதன் அளவை அப்படத்திலிருந்து அறிய முடியாது.

பானையைப் பானைக்காகவே அளந்தவர்கள் தொல்பொருளாய்வாளர்கள். ஆதிச்சநல்லூரில் 1876-இல் செருமானியரான ஜாகர் தோண்டினார். பின்னர் 1899 முதல் அலெக்சாண்டர் ரே தோண்டி, கிடைத்தவற்றுக்கு விரிவான பட்டியல் எழுதினார். அது 1915-இல் அச்சாயிற்று. புறநானூற்றுப் புலவர் குயவனை விளித்துத் தாழி கேட்ட பாடல்களை வகுப்பில் நடத்தும் ஆசிரியர், அத்தாழியின் உருவத்தை மாணவர்க்குக் காட்ட இவ்வகழாய்வுகள் உதவுகின்றன. ஆனால் மண்ணுக்கடியில் போன கலத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை, அதே 1915-இல் திருநெல்வேலிச் சீமையில் அடுப்பின்மேல் இருந்த கலத்துக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ரூத் ரீவ்ஸ் மீண்டும் வருகிறார். 1892-இல் பிறந்த அவர், தம் அறுபதுகளில், 1956-இல், புல்பிரைட் உதவித்தொகை பெற்று இந்தியக் கைவினைகளை ஆராய வந்தார். வந்தவர் திரும்பிக் குடியேறவில்லை. 1966-இல் புதுதில்லியிலேயே மறைந்தார். மெழுகு வார்ப்பு முறையில் உலோகப் படிமம் செய்வதைப் பற்றிய அவரது நூல் 1962-இல் தில்லியில் வெளிவந்தது. இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, மக்களை எண்ணியதோடு நில்லாமல் மாநிலந்தோறும் கைவினை ஆய்வேடுகளையும் வெளியிட்டது. அப்பணிக்கு மதிப்பியல் ஆலோசகராக இருந்தவர் ரீவ்ஸ். சென்னை மாநிலத்துக் கைவினைகளும் அவ்வரிசையில் இடம்பெற்றன. கருவியின் பெயர் என்ன, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, ஒரு பொருளை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விகள் நியூயார்க்கின் விவரச் சீட்டிலிருந்து தமிழ்நாட்டுச் சிற்றூர்வரை நடந்து வந்தன எனலாம்.

அவை கடல் கடக்கவில்லை. மலாயாவின் 1957-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு தோட்டத்துத் தமிழரை எண்ணியது. அவர்தம் கலங்களை அது கேட்கவில்லை. கங்காணி ஆள் திரட்டியபோது கித்தாக் காட்டுக்கு வேண்டிய கைகளைத் தேடினாரே தவிர, சூளை வைப்போரைத் தேடவில்லை. குயவர் குடியில் பிறந்தோர் சிலர் வந்திருப்பினும், தோட்டத்தில் மண்ணும் விறகும் கம்பெனியுடையவை. சக்கரம் போட இடம் ஏது? கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் வேரூன்றிப் பொங்கற் பானையும் அகலும் செய்து நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பி வந்தன. நம் மாநிலத்தார் பட்டணத்துக் கடையில் வாங்கியே புழங்கினர்.

தமிழ்க் குயவரின் பானை அமெரிக்கச் சாடியினின்றும் அடிப்படையில் வேறுபட்டது. சக்கரத்தில் வாயும் கழுத்தும் உருவானபின், அறுத்தெடுத்த கலத்தின் உட்புறம் ஒரு கல்லைக் கொடுத்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டித் தட்டியே அடியை மூடி உருட்டுவர். அதனால் சுவர் மெலிந்து, வெப்பம் சீராகப் பரவும். உருண்ட அடி முக்கல் அடுப்பில் பொருந்தும். தரையில் வைக்கப் பிரிமணை வேண்டும். சமதரைச் சிமெந்தும் மண்ணெண்ணெய் அடுப்பும் லயத்துக்கு வந்தபோது இவ்வடிவம் வசதிக் குறைவாயிற்று. தட்டையடி அலுமினியச் சட்டி அதன் இடத்தைப் பிடித்தது. பானையோடு பிரிமணை, உறி, கலயம், தோண்டி, முட்டி என்ற சொற்களும் வீட்டிலிருந்து வெளியேறின. இன்று உறி என்னும் சொல்லை விளக்க ஆசிரியர்க்குக் கண்ணன் கதை தேவைப்படுகிறது.

தோட்டத்தார் நாள்தோறும் மிகுதியாகக் கையாண்ட சுடுமண் பொருள் ஒன்று உண்டு. அது வீட்டினுள் இல்லை, மரத்தில் தொங்கியது. மலாய்ச் சொல்லிலிருந்து மங்கு என்று நம்மவர் வழங்கிய பால் கிண்ணம்தான் அது. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீனர் நடத்திய நீண்ட நாகச் சூளைகளில் இவை பெருந்தொகையாய்ச் சுடப்பட்டன. சீனக் குயவர் செய்து, தமிழ்ப் பெண்டிர் துடைத்து, ஐரோப்பிய கம்பெனி கணக்கில் ஏறிய கலம் இது. இந்நாட்டுப் பொருளாதார வரலாற்றை ஒரே பொருளில் காட்ட வேண்டின், இதைவிடத் தக்கது வேறொன்றை யான் அறியேன். பின்னர் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வந்தன. இரப்பர் அழிந்து செம்பனை பரவியதும் மங்குக்கே வேலை இல்லாது போயிற்று. செண்டயான், நீலாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் பல வீடமைப்பு நகரியங்களாக மாறிவிட்டன. புதுவீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டுவோர் கையில் இன்னும் ஓரிரு மெருகிட்ட சில்லுகள் அகப்படலாம். அவற்றை ஆதிச்சநல்லூர்ச் சில்லைப் போல் போற்ற வேண்டும் என்று சொன்னால் சிலர் நகைப்பர். நூறாண்டு கழித்து நகைக்க மாட்டார்கள்.

தேசியக் கலைக்கூடம் தன் தாள்களின் படிகளை இணையத்தில் எவரும் இலவசமாகக் காணும்படி வைத்துள்ளது. வகுப்பில் அவற்றைக் காட்டி, மாணவர் தம் வீட்டிலும் பாட்டி வீட்டிலும் எஞ்சிய ஒரு கலத்தை அவ்வாறே வரைந்து வரச் செய்வதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. தாளின் கீழே விவரச் சீட்டுக்குரிய கேள்விகளை எழுதினால் போதும்: வீட்டில் இதனை என்ன பெயரிட்டு அழைத்தனர், எங்கே வாங்கினர், எதற்குப் பயன்படுத்தினர், உயரமும் வாயகலமும் எத்தனை, எத்தோட்டத்திலிருந்து எப்போது இங்கே வந்தது. பெயர் கேட்கும் முதற் கேள்வியிலேயே அகராதி ஏறாத வட்டாரச் சொற்கள் பல கிடைக்கும்.

இரண்டு கலங்களுக்கு மட்டும் அவசரம் வேண்டும். மாரியம்மன் திருவிழாவில் கையில் ஏந்தும் தீச்சட்டி ஒன்று. இடுகாட்டில் தோளில் சுமந்து மூன்று முறை சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளையிட்டு, இறுதியில் பின்புறமாகப் போட்டு உடைக்கும் கொள்ளிக்குடம் மற்றொன்று. முன்னது விழா முடிந்தபின் வீட்டுப் புழக்கத்துக்கு வருவதில்லை. பின்னதை எவரும் வீட்டில் வைத்திருக்க மாட்டார். வரைவதற்கென்று எடுத்து வரவும் ஒப்ப மாட்டார். அதன் அளவை எடுப்பதாயின் கடைக்காரரிடம் சொல்லி, கடையிலேயே எடுத்துவிட வேண்டும்.